எண்ணெய் மந்திரிக்கு இரண்டாவது கிண்ணம் பாயசம்

எண்ணெய் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று யோசிப்பதற்கென்றே ஹூஸ்டனில் ஒரு கம்பெனி இருந்தது. அந்த யோசனைக்கு நான் காபி கொடுத்தேன். தொண்ணூறில் சேர்ந்தேன். இந்த வருஷம் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. சாப்பாட்டு அறையை மூடி, கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, போய்வாருங்கள் என்றார்கள். எண்ணெய் தீரவில்லை. என் வேலைதான் தீர்ந்தது.

இதை எழுதச் சொன்னது நம் தமிழ்ச் சங்கத்து நித்யா. போன பொங்கல் விழாவில், எண்ணெய் விற்கிற நாடுகள் எப்படிச் சூரிய மின்சாரத்துக்கு மாறப்போகின்றன என்று ஒரு கருத்தரங்கம் வைத்தார்கள். மேடையில் நாலு இன்ஜினியர்கள், கோட்டு சூட்டு. கீழே பிள்ளைகள் கரும்பு கடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். "இன்னும் கொஞ்ச வருஷத்தில் எல்லாம் மாறிவிடும்" என்று ஒருவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த நித்யா பார்த்துவிட்டாள்.

"என்ன ஆன்ட்டி சிரிக்கிறீங்க? மைக்ல வந்து சொல்லுங்களேன்."

"ஐயோ, வேண்டாம்மா."

"அப்போ எழுதிக் குடுங்க. சங்கத்து மலர்ல போடுறேன். நானே டைப் பண்ணிக்கறேன்."

நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் தைரியம்தான்.

நான் சிவகாசிப் பக்கம். ஐந்தாவது வரை படித்தேன். அதற்கு மேல் தினசரிக் காலண்டருக்குத் தகரப் பட்டை அடித்தேன். என்னைக் கட்டிக்கொண்டவர் எண்ணெய்க் கப்பலில் சமையல்காரர். ஒரு தடவை ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கியவர், கப்பல் கிளம்பும்போது ஏறவில்லை. "ஆடிக்கிட்டே சாம்பார் வச்சு அலுத்துப்போச்சு" என்பதுதான் இன்றுவரை அவர் சொல்லும் காரணம். எப்படியோ பேப்பர்கள் எல்லாம் கிடைத்து, டவுன்டவுனில் இந்தக் கம்பெனியின் சமையலறையில் சேர்ந்து, என்னையும் வரவழைத்துக்கொண்டார். அவர் கீழே சமைப்பார். நான் மேல் மாடியில், பெரியவர்கள் கூடிப் பேசும் அறையில் பரிமாறுவேன்.

எனக்கு அந்த வேலையைக் கொடுத்தது என் கைப்பக்குவத்துக்காக இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதற்காக. மேல் மாடிக்கு வருகிறவர்கள் எல்லாம் மந்திரிகள், மந்திரிக்குத் தம்பிமார்கள், வங்கிக்காரர்கள். அவர்கள் பேசுவது பரிமாறுகிறவள் காதில் விழக் கூடாது. என்னை விடப் பொருத்தமான ஆள் டெக்சஸ் முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்காது. நாள்பட்ட பிறகு பாஷை தானாக ஒட்டிக்கொண்டது. கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் வராது? வந்ததை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வாய் திறந்தால்தானே தெரியும். அதுதான் எனக்குப் பழக்கமே இல்லையே.

கம்பெனியின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் சில நாடுகளுக்கு எண்ணெயைத் தவிர விற்க ஒன்றும் இல்லை. கிணறு வற்றினாலோ, ஊர் உலகம் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாலோ, அந்த நாடுகள் என்ன ஆகும்? அதற்கு இப்போதே வழி செய்துகொள்ள வேண்டாமா? சூரியன், காற்று, வேறு தொழில் என்று மாற வேண்டாமா? இதற்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். இது மேல் பாதி. கீழ் இரண்டு மாடிகளில் அதே கம்பெனி அதே நாடுகளுக்குப் புதுக் கிணறு எங்கே தோண்டலாம் என்றும் சொல்லிக் கொடுத்தது. ஒரே லிஃப்டில் இரண்டு கூட்டமும் ஏறும், இறங்கும். ஒருவருக்கொருவர் குட்மார்னிங் சொல்லிக்கொள்வார்கள்.

எங்கள் மாடியில் கூட்டம் வருவதும் வராததும் எண்ணெய் விலையைப் பொறுத்தது. விலை விழுந்தால் மந்திரிகளுக்குப் பயம் வரும். பயம் வந்தால் சூரியன் ஞாபகம் வரும். உடனே விமானம் ஏறி வந்துவிடுவார்கள். ஆனால் விலை விழுந்ததால் கையில் காசு இருக்காது. விலை ஏறினால் காசு வரும், ஞாபகம் போய்விடும். அப்போது லிஃப்ட் எங்கள் மாடிக்கு வராமல் கீழேயே நின்றுவிடும். என் வீட்டுக்காரர் காலையில் வானொலியில் விலையைக் கேட்டுவிட்டு அதற்குத் தகுந்தாற்போல அரிசி ஊறப்போடுவார். "இன்னைக்கு ஏறியிருக்கு பாக்கியம். மேல ஒரு ஈ வராது. மிச்சமாகாம வைக்கணும்."

அந்த அறையின் குளிரைச் சொல்லியாக வேண்டும். வெளியே ஹூஸ்டன் வெயில், இட்லிப்பானை மூடியைத் திறந்த மாதிரி இருக்கும். உள்ளே ஏ.சி.யில் பல் கிட்டும். வருகிறவர்கள் வெயில் நாட்டுக்காரர்கள். கோட்டுக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவார்கள். அவர்களுக்காக மேஜைக்கு அடியில் சின்னச் சின்னக் கரண்ட் அடுப்புகள் வைத்திருந்தார்கள், கால் காய்வதற்கு. மேலே குளிரடிக்க ஒரு மெஷின், கீழே சூடேற்ற ஒரு மெஷின். நடுவில் உட்கார்ந்து மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பேசுவார்கள்.

என் மேலதிகாரி மிஸ் லொரெய்ன். நல்ல உயரம், வெள்ளை முடி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷி. நான் வேலைக்கு வந்த முதல் நாள் என்னை ஏப்ரன் மாட்டுகிற அலமாரி முன்னால் நிறுத்தினாள். தன் காதைத் தொட்டாள். அதைப் பிடுங்கி எடுப்பது போலக் காட்டி, அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தினாள். என்னைப் பார்த்தாள். நானும் என் காதைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். பயிற்சி அத்தோடு முடிந்தது.

ஆனால் முறைகள் உண்டு. தட்டு இடது பக்கமாக வைக்க வேண்டும், வலது பக்கமாக எடுக்க வேண்டும். கோப்பை சாஸரில் பட்டுச் சத்தம் வரக் கூடாது. பணம் என்ற பேச்சு வரும்போது யார் முதுகுக்குப் பின்னாலும் நிற்கக் கூடாது. லொரெய்ன் வாசலோரம் நிற்பாள், வாயைத் திறக்க மாட்டாள். ஒரு விரலை உயர்த்தினால் அடுத்த பதார்த்தம். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. இரண்டு விரலைச் சேர்த்துத் தட்டினால், அசடே, தண்ணீரைப் பார் என்று அர்த்தம். சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனதாகச் சரித்திரம் இல்லை. எந்த ராஜா வந்தாலும் அவள் விரலுக்குத்தான் சாப்பிட்டு எழுந்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு முறை. சாப்பாடு முடிந்து, மேஜை துடைத்து, கதவைச் சாத்தியதும் வெளியே ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று அர்த்தம். யாரும் போகக் கூடாது. எந்தப் போன் வந்தாலும் விளக்கு அணையும் வரை காத்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், அவசரச் செய்தி என்றால் ஒரு துண்டுத்தாளில் எழுதி, சின்ன வெள்ளித் தட்டில் வைத்து, நான் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எண்ணெய் விலை படுத்தே விட்டது. கடையில் தண்ணீர் பாட்டில் விலை எண்ணெயை விட அதிகம் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எங்கள் மாடியில் திருவிழாக் கூட்டம். அப்போது வந்தவர்கள்தான் அந்தச் சின்ன நாட்டுக்காரர்கள். பெயர் வேண்டாம். கொஞ்சம் கரை, ஒரு பெரிய தீவு, கடலுக்கு அடியில் எண்ணெய், அவ்வளவுதான் நாடு.

அவர்களுக்குத் திட்டம் போட்டது நம்ம சபாபதி தம்பி. நாமக்கல் பக்கம். பெரிய படிப்பு. எந்த ஊரில் எந்த மாசம் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும், எந்தச் சாய்வில் கண்ணாடிப் பலகையை வைத்தால் எவ்வளவு மின்சாரம் வரும் என்று கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுவார். தீவு முழுக்கச் சூரிய மின்சாரம் என்பது திட்டம். ஒரு வங்கி கடன் கொடுக்கவும் ஒத்துக்கொண்டுவிட்டது. காசு இல்லாத நேரத்தில் காசும் கிடைத்து, ஞாபகமும் இருக்கிற அதிசயம் நான் பார்த்து அந்த ஒரு தடவைதான் நடந்தது. மந்திரி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் கையெழுத்தில் தம்பியின் பிழைப்பும் தொங்கியது. மேல் மாடிக்கு வருமானம் இல்லை, இது ஒன்றாவது முடிந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் மூடுவோம் என்று கம்பெனியின் பெரியவர் சொல்லிவிட்டார். கம்பெனி கைவிட்டால் தம்பிக்கு விசா இல்லை. பெண்டாட்டி கவிதாவுக்கு ஆறு மாசம். அபார்ட்மென்ட்டைக் காலி பண்ணிவிட்டு நாமக்கல் போக வேண்டியதுதான்.

"அங்க போயி என்னங்க ஆன்ட்டி பண்றது? அப்பா கோழிப்பண்ணைக்கு வந்துருங்கறாரு. இத்தனை படிச்சுப்போட்டு முட்டை எண்ணச் சொல்றாருங்க."

"முட்டைக்கு விலை விழாது தம்பி, எண்ணெய் மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாட்டு அதிகாரி ஒருவர், இத்ரீஸ் என்று பெயர். மெலிந்த மனுஷர். குளிர் தாங்காமல் அடிக்கடி என் காபி அறைக்கு வந்துவிடுவார். அங்கே காபி மெஷின் பக்கத்தில் கொஞ்சம் கதகதப்பு உண்டு. கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் புரிகிறதா இல்லையா என்று கவலைப்படாமல் மெதுவாகப் பேசுவார். அவர் அந்தத் தீவுக்காரர்தான்.

"சகோதரி, நாங்கள் பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கிறோம். அதைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். சுத்திகரிக்கிற ஆலை எங்களிடம் இல்லை. பிறகு டீசலாகத் திரும்ப வாங்குகிறோம். டீசல் கப்பல் தாமதித்தால் என் தீவில் விளக்கு இல்லை."

இதைக் கீழே போய்ச் சொன்னபோது என் வீட்டுக்காரர் தாளிக்கிற கரண்டியோடு திரும்பினார். "கொல்லையில கறிவேப்பிலை மரத்தை வச்சுக்கிட்டு, கொழம்புக்குக் கடையில போயி ஒரு கொத்து வாங்குறவன் மாதிரியா?"

இத்ரீஸின் மனைவி அந்தத் தீவில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். கரண்ட் போனால் டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்ப்பாளாம். இரண்டு கையும் வேண்டுமே. சொல்லிவிட்டு அவரே பல்லைக் கடித்துக் காட்டினார். இந்தத் திட்டத்துக்காக எத்தனையோ வருஷமாக மந்திரி பின்னால் அலைந்திருக்கிறார். "மந்திரி கையெழுத்துப் போட்டால் என் மனைவி முதலில் பல் டாக்டரிடம் போவாள்" என்றார். காபி குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்த ஒரே அதிகாரி அவர்தான்.

ஒரு வியாழக்கிழமைக்குக் கையெழுத்து என்று வைத்தார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒன்றரைக்குக் கதவு சாத்தி, சிவப்பு விளக்கு, கையெழுத்து.

அன்று காலையில் தம்பி என் காபி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, ஒரு ஹெல்ப் பண்ணோணுங்க. இன்னைக்கு வியாழக்கிழமை."

"ஆமா தம்பி."

"ஒன்றரைல இருந்து மூணு ராகு காலங்க. எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இல்லைங்க. அம்மா போன் பண்ணி அழுகறாங்க. கவிதாவும் ஹில்கிராஃப்ட் இந்தியன் கடையில குடுத்த காலண்டரைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறா. கையெழுத்தை மூணு மணிக்கு மேல தள்ளிப்புட்டாப் போதுங்க."

"பெரியவர்கிட்ட சொல்லுங்களேன்."

"என்னன்னு சொல்றது? பாம்பு சூரியனை முழுங்குதுன்னா? நான் சோலார் இன்ஜினியர்ங்க ஆன்ட்டி!"

அது நியாயமாகத்தான் பட்டது.

"சாப்பாட்டைக் கொஞ்சம் இழுங்க. அது ஒண்ணுதான் வழி."

லொரெய்ன் விரலை மீறி ஒரு தட்டு நகர்ந்ததில்லை. கீழே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கப்பலில் புயலைப் பார்த்தவர்.

"பாயசம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? வேகலைன்னு சொல்லிருவோம்."

"லொரெய்ன் கீழே வந்து பார்ப்பாளே?"

"வரட்டும். சடங்குன்னு சொல்லிர்றேன். சாமி விஷயம்னா அந்தம்மா குறுக்க வராது."

அப்படியே நடந்தது. சூப்பு போனது, சோறு போனது, காய்கறி போனது. லொரெய்ன் ஒரு விரலை உயர்த்தினாள், இனிப்புக்கு. நான் வெறுங்கையோடு நின்றேன். மறுபடி உயர்த்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விடுவிடுவென்று கீழே போனாள். பின்னாலேயே ஓடினேன். என் வீட்டுக்காரர் பெரிய பாத்திரத்தின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, கரண்டியைச் சுற்றிக்கொண்டு, வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது மந்திரம் இல்லை. மளிகைச் சாமான்களின் பெயர். எனக்குக் கேட்டது.

"இது எவ்வளவு நேரம்?" என்றாள் லொரெய்ன்.

"மேடம், பெரிய கையெழுத்துக்கு முன்னால் எங்கள் வழக்கம். கிண்டுவதைப் பாதியில் நிறுத்தினால் கையெழுத்துப் போடுகிறவருக்கு ஆகாது."

லொரெய்ன் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு கைகளைக் கோர்த்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, ஒரு நிமிஷம் நின்றாள். ஆமென் என்றுகூடச் சொன்னாள் என்று நினைக்கிறேன். மேலே போய்ப் பெரியவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் மேஜையைத் தட்டி, இந்தியர்களின் மிகப் பழைய வழக்கம் ஒன்று நடக்கிறது, காத்திருப்பது நமக்குப் பெருமை என்று அறிவித்தார். மந்திரி கை தட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். சபாபதி தம்பி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். இத்ரீஸ் கையெழுத்துப் போட வேண்டிய பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ஒன்றரை தாண்டியது. இரண்டும் தாண்டியது. பாயசத்தைக் கொண்டுபோய் வைத்தேன். மந்திரி பெரிய உடம்புக்காரர். நல்ல சாப்பாட்டுப் பிரியர். ஒரு வாய் எடுத்ததும் கண்ணை மூடினார். முந்திரியைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் தின்றார். "இதற்காகவே நாம் எண்ணெயை விட்டுவிடலாம்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

அப்போதுதான் ரிசப்ஷன் பெண் ஒரு துண்டுத்தாளோடு வந்தாள். மந்திரிக்கு அவர் நாட்டிலிருந்து போன். அவசரம். கதவு சாத்தவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை. சாப்பாட்டு நேரம். முறைப்படி வெள்ளித் தட்டில் வைத்து நான்தான் கொண்டுபோய் இடது பக்கமாக நீட்டினேன். மந்திரி படித்தார், எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்.

திரும்பி வந்தவர் வேறு ஆள். நிமிர்ந்த நடை. எண்ணெய் விற்கிற நாடுகள் எல்லாம் கூடி, கிணறுகளைக் கொஞ்சம் மூடிவைப்பது என்று பேசியிருந்தனவாம். எல்லாரும் சொன்னபடி மூடுகிறார்கள் என்று செய்தி உறுதியாகிவிட்டது. விலை ஏறுகிறது. இன்னும் ஏறும். பெரியவர் மெதுவாகக் கதவைச் சாத்தச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். மந்திரி உட்கார்ந்தார். பேனா இருந்த பக்கம் கையை நீட்டவில்லை. நான் கதவைச் சாத்துவதற்குள் காலிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு கிண்ணம் கிடைக்குமா?"

கொண்டுவந்தேன். இத்ரீஸ் ஏதோ குனிந்து சொன்னார். மந்திரி அவர் தோளில் கையைப் போட்டார்.

"என்ன அவசரம், சகோதரா? சூரியன் எங்கே ஓடிப்போகிறது? அடுத்த வருஷமும் உதிக்கும்."

பெரியவர் சிரித்தார். வங்கிக்காரர் சிரித்தார். கீழ் மாடியிலிருந்து கிணறு தோண்டுகிற கூட்டத்தின் தலைவரை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். அவரும் வந்து உட்கார்ந்து ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டார். கிண்டிய பாத்திரத்தில் பாயசம் ஒரு சொட்டு மிச்சமில்லை. மூன்று மணி அடித்தபோது மேஜையில் அந்தத் தாள்கள் அப்படியே இருந்தன. சபாபதி தம்பி மட்டும் மணியைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "இப்போ போடலாம்" என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கிளம்பும்போது இத்ரீஸ் காபி அறைக்கு வந்தார். குளிர்கிறது என்று சொல்லவில்லை. "இனிப்பு நன்றாக இருந்தது, சகோதரி" என்று மட்டும் சொன்னார். அவர் கிண்ணத்தை நான்தான் எடுத்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தம்பி குருக்களிடம் போய் நின்றார். நானும் பிரசாதத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். ராகு காலம் பார்த்தும் காரியம் கெட்டுவிட்டதே என்று கேட்டார். குருக்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தக் காலண்டர் பார்த்தேள்?" என்றார்.

"ஹில்கிராஃப்ட்ல குடுத்ததுங்க."

"அது ஊர்ல அடிச்சது. காலம்பர ஆறு மணிக்கு உதயம்னு வச்சுண்டு போட்டிருப்பா. ராகு காலம் உதயத்துலேர்ந்து எண்ணணும். இங்க போன வாரம்தான் கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வச்சா. இப்போ ஏழுக்கு மேலன்னா உதயமே! அப்போ வியாழக்கிழமை ராகு காலம் மூணு மணிக்குத்தான் ஆரம்பிக்கறது."

தம்பி விரல் மடக்கி மணியை எண்ணிப் பார்த்தார்.

"ஒன்றரைக்கே போட்டிருக்கலாம். நன்னா இருந்திருக்கும். நீங்க நல்ல நேரத்தைத் துரத்திப்பிட்டு, ராகுவை வாசல்ல நின்னு வரவேத்திருக்கேள்." குருக்கள் விபூதியைக் கொடுத்தார். "ஆமா, நீங்க என்ன உத்தியோகம்?"

தம்பி பிராகாரம் சுற்றப் போய்விட்டார். ஊர் ஊராகச் சூரியன் உதிக்கிற நேரம் சொல்கிறவர் என்று நான் எப்படிச் சொல்ல? விபூதியைப் பூசிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அமெரிக்காக்காரன் கடியாரத்தைத் தள்ளி வச்சான். ராகுவுக்கு யாரும் தகவல் குடுக்கலையாக்கும்." எனக்கென்ன தோன்றியது என்றால், அன்று அந்த அறைக்கு ராகுவும் வரவில்லை, கேதுவும் வரவில்லை. வந்தது போன். சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

எண்ணெய் விலை குதிரை மாதிரி ஏறியது. மேல் மாடியில் சூரியப் பிரிவை மூடினார்கள். தம்பி பெட்டி கட்டப்போகிறார் என்று நான் கவிதாவுக்கு ஊறுகாய் எல்லாம் போட்டு வைத்தேன். பெட்டி கட்டவில்லை. அந்த நாட்டின் காற்று, மண், கடல் எல்லாம் கம்பெனியில் தம்பியை விட யாருக்குத் தெரியும்? கீழ் மாடிக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதே தீவுக்குப் பக்கத்தில், கடலில், இன்னும் ஆழமாகக் கிணறு தோண்டுகிற திட்டம். தீவின் வரைபடத்தில் கண்ணாடிப் பலகை என்று நீலமாக வரைந்திருந்த இடத்தில், கிணற்றுக்காரர்களுக்கு வீடு என்று சிவப்பாக வரைந்தார். சம்பளமும் கூட. மந்திரி அதற்கு நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு நாள், நட்சத்திரம் யாரும் பார்க்கவில்லை. சாப்பாடும் இல்லை. சாண்ட்விச்.

அந்தத் தடவை மந்திரியோடு இத்ரீஸ் வரவில்லை. தீவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்களாம், டீசல் கப்பல் கணக்குப் பார்க்க.

கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகர்லேண்டில் வீடு வாங்கினார்கள். கிரீன் கார்டும் வந்தது. அன்று தம்பி கீழ் மாடியிலிருந்து ஸ்வீட் பாக்ஸோடு என் காபி அறைக்கு ஏறி வந்தார். உடம்பு போட்டிருந்தார். முகத்தில் நல்ல பளபளப்பு. காபியை வாங்கிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றார்.

"ஆன்ட்டி, நினைச்சுப் பார்த்தா ஆச்சரியமா இருக்குதுங்க. அன்னைக்கு ஒன்றரைக்கே அந்த மந்திரி கையெழுத்துப் போட்டிருந்தா, என்னைத் தீவுக்கு அனுப்பியிருப்பாங்க. மூணு வருஷம் அங்க உட்கார்ந்து பலகை மாட்டிட்டு இருந்திருப்பேன். கவிதா பிரசவத்துக்கு என்ன பண்ணியிருப்பா? அந்த ஊரு ஆஸ்பத்திரில கரண்டே நிக்காதாமுங்க."

"ஆமா தம்பி."

"அம்மா சொன்னது சரியாப் போச்சுங்க. ராகு காலம் பார்த்தது வீண் போகலை. இழுத்து வச்சதே நல்லதுக்குத்தான்."

குருக்கள் சொன்னது அவருக்கு மறந்துபோயிருந்தது. நான் ஞாபகப்படுத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மாடியில் நான் யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை. சர்க்கரை வேண்டுமா, வேண்டாமா என்பதைக்கூடக் கண்ணால்தான் கேட்பேன். அன்றைக்கு எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"தம்பி, இதை அந்த இத்ரீஸ்கிட்ட சொன்னீங்களா?"

தம்பி காபியைப் பார்த்தார். ஆடை படிந்திருந்தது. ஸ்பூனால் அதை ஓரமாக ஒதுக்கினார்.

"அவரு போன் நம்பர் மாறிப்போச்சு போலங்க ஆன்ட்டி" என்றார்.

பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டு, கோப்பையோடு போய்விட்டார். கோப்பை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவரும் மேலே வரவில்லை. கீழ் மாடியில் மெஷின் காபி குடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது வாயில் வைக்க விளங்காது. மனுஷன் எத்தனை நாள் குடிப்பார்? ஒரு திங்கட்கிழமை கோப்பையைக் கழுவாமல் கொண்டுவந்து நீட்டினார். நான் கழுவினேன், கலந்து கொடுத்தேன். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.